காருக்கும் உண்டு மூச்சுக்குழாய்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வந்து, கோமுகி அணைப் பக்கத்தைத் தாண்டினால் சாலை கல்வராயன் மலையை நோக்கி ஏறத் தொடங்கும். அதுவரை சமவெளியில் சத்தமில்லாமல் ஓடிவந்த கார், வளைவுகள் ஆரம்பித்ததும் தன் குணத்தைக் காட்டிவிடும். மூன்றாவது கியரில் முனகும். இரண்டாவதுக்கு இறக்கினால் கத்தும். ஏசியை நிறுத்தினால் கொஞ்சம் நகரும். பின் சீட்டில் இருக்கும் பாட்டி மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார்: "ஏம்ப்பா, வண்டிக்கு மூச்சு வாங்குதே!"

பாட்டி சொன்னது அப்படியே உண்மை. டேங்கில் டீசலோ பெட்ரோலோ நிறைய இருந்தாலும், அதை எரிக்கக் காற்று வேண்டும். 1.8 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, கணக்குப்படி ஒரே நிமிடத்தில் 2,700 லிட்டர் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் அளந்தால் 135 கேன். மலையில் 3,000 அடி உயரத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்துவிடும். ஏற்றமும் இருக்கிறது, காற்றும் குறைவு. போகும் வழியில் அடைப்பும் இருந்தால் வண்டி முனகத்தானே செய்யும்?

அந்தக் காற்று போகும் வழிக்குப் பெயர் இன்டேக் மேனிஃபோல்டு. ஏர் ஃபில்டரைத் தாண்டி, த்ராட்டில் பாடியைத் தாண்டி வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுப்பு. ஒரு பெட்டி, அதிலிருந்து விரல்கள் மாதிரி நான்கு குழாய்கள். இன்றைய கார்களில் பெரும்பாலும் கறுப்பு நைலான் பிளாஸ்டிக். பழைய வண்டிகளிலும் பல டீசல்களிலும் அலுமினியம்.

இது பழுதானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூர் மாதிரியான ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஒரு காலத்தில் முதலாளிகள் வைத்திருந்த பெரிய கார்கள், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, புது சின்னக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிராமத்துக்கு வந்து சேர்கின்றன. ஹோண்டா சிவிக், டொயோட்டா கரோலா ஆல்டிஸ், ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வாங்கிய ஆறு மாதத்தில் "புல்லிங் இல்லீங்க" என்று பட்டறைக்குப் போனால், க்ளட்ச் என்பார்கள், டர்போ என்பார்கள், இன்ஜினை இறக்கணும் என்பார்கள். கரும்புப் பணம் வந்த கையோடு அந்தச் செலவு போய்விடும். பல நேரம் குற்றவாளி மேனிஃபோல்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன மடல். சில நேரம் அதற்குப் போகும், விரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய்.

அந்த மடல் எதற்கு என்று தெரிந்துகொள்ள, முதலில் ஊஞ்சலைப் பார்க்க வேண்டும்.

ஊஞ்சலை ஆட்டுகிறவர் சரியான நேரத்தில் ஒரு விரலால் தட்டினாலே போதும், அது மேலே போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் போட்டாலும் வீண். இன்டேக் குழாய்க்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது குழாயின் இந்த முனையில் காற்று மெலிகிறது. அந்த மெலிவு ஓர் அலையாகக் குழாய் வழியே ஒலியின் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடி, மறுமுனையில் உள்ள பெட்டியைத் தொட்டதும் அழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. வால்வு மூடப்போகும் கடைசி நொடியில் அது வந்து சேர்ந்தால், கூடவே கொஞ்சம் காற்றையும் உள்ளே தள்ளிவிடும். டர்போ கிடையாது, பம்ப் கிடையாது, இலவசமாக ஒரு தள்ளு.

இதில் சிக்கல் நேரம்தான். 3,000 சுற்றில், பிஸ்டன் பாதி இறங்கிய இடத்திலிருந்து கீழ் எல்லையைத் தொட 5 மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் அலை 1.7 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் குழாய் 85 சென்டிமீட்டர் இருந்தால் பொருந்தும். 6,000 சுற்றில் நேரம் பாதியாகிறது, குழாயும் 42 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். நிஜ இன்ஜினில் வால்வு மூடும் நேரம், குழாயின் அகலம், பெட்டியின் கொள்ளளவு எல்லாம் சேர்ந்து இந்த எண்களை மாற்றிவிடும். ஆனால் விதி மாறாது: மெதுவாகச் சுற்றும்போது நீளக் குழாய், வேகமாகச் சுற்றும்போது குட்டைக் குழாய். புல்லாங்குழலில் விரலை எடுத்ததும் குழல் குட்டையாகி ஸ்வரம் மேலே போகிறதே, ஏறக்குறைய அதே கதை.

ஒரே நீளத்தில் குழாய் போட்டால் ஏதோ ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். அதனால் பொறியாளர்கள் இரண்டு வழி வைத்தார்கள். நத்தை ஓடு போலச் சுருண்ட நீள வழி ஒன்று, நடுவில் ஒரு குறுக்கு வழி. குறுக்கு வழியின் வாசலில் மடல்கள். குறைந்த சுற்றில் மடல் மூடியிருக்கும், காற்று சுற்றிக்கொண்டு வரும். சுற்று உயர்ந்ததும் இன்ஜின் கணினி மடலைத் திறந்துவிடும். இதுதான் வேரியபிள் இன்டேக் மேனிஃபோல்டு. டொயோட்டா இதை ஏசிஐஎஸ் என்கிறது, ஹூண்டாய் விஐஎஸ் என்கிறது. 2006-இல் இந்தியாவுக்கு வந்த சிவிக்கின் 1.8 லிட்டர் இன்ஜினில் இந்த இரண்டு நீள ஏற்பாடு உண்டு.

பிஎம்டபிள்யூ இன்னும் ஒரு படி மேலே போய், 2001-இல் வந்த 7 சீரிஸின் வி8 இன்ஜினில் நீளத்தை இடைவிடாமல் கூட்டிக் குறைக்கும் மேனிஃபோல்டை வைத்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே பந்தய மைதானத்தில் இதைப் பார்த்தாகிவிட்டது. 1991-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில், காற்றுக் குழாய்கள் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கின. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. ஃபார்முலா ஒன்னில் 2006-இல் இதைத் தடை செய்து, 2015-இல் மறுபடி அனுமதித்தார்கள். பைக் பிரியர்களுக்கு ஒரு தகவல்: 2007 யமஹா ஆர்1-இலும் நீளம் மாறும் குழாய் உண்டு.

டீசல் கதை வேறு. அங்கே பெரும்பாலும் டர்போ காற்றைத் தள்ளிவிடுவதால், அலையை நம்ப வேண்டிய அவசியம் குறைவு. அங்கே தேவை சுழல். சிலிண்டருக்குள் பீய்ச்சும் டீசல் காற்றோடு நன்றாகக் கலக்க, காற்று சுழன்றுகொண்டே நுழைய வேண்டும். வெல்லம் காய்ச்சும் கொப்பரையைத் துடுப்பால் கிண்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஓரம் கருகும், நடு அப்படியே இருக்கும். அதுபோலத்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்று வாசல் வைத்து, குறைந்த சுற்றில் ஒன்றை மடலால் மூடிவிடுகிறார்கள். எல்லாக் காற்றும் ஒரே வாசலில் வேகமாகப் பாய்ந்து சுழல்கிறது. இவற்றை ஸ்வர்ல் ஃப்ளாப் என்பார்கள்.

உங்கள் காரில் இது இருக்கிறதா? ஆல்டோ, வேகன்ஆர் வகையறாவாக இருந்தால் கவலை வேண்டாம், நிலையான குழாய்தான். புதிய சின்ன டர்போ பெட்ரோல்களிலும் பெரும்பாலும் இருக்காது. அதற்காக அவர்கள் இந்தப் பக்கத்தை மூட வேண்டியதில்லை. அழுக்கு எல்லா வண்டிக்கும் பொதுச் சொத்து.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? ஃபில்டர் வழியாகத்தான் காற்று வருகிறது, பின் எப்படி என்று பலர் கேட்பார்கள். வெளியிலிருந்து வருவதைவிட இன்ஜின் தானே திருப்பி அனுப்புவதுதான் அதிகம். புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு இருக்கிறது. அதன் வழியே கரித்தூள் வரும். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் எண்ணெய் ஆவியை வெளியே விடாமல் மறுபடி உள்ளே இழுக்கும் குழாயும் இருக்கிறது. அதன் வழியே ஆயில் வரும். கரியும் ஆயிலும் மேனிஃபோல்டில் சந்தித்தால்? அடுப்படிச் சுவரில் தாளிப்பு எண்ணெயும் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று படியுமே, அதேதான். நாளாக நாளாகத் தார் மாதிரி இறுகும். நன்றாக ஓடிய டீசல் வண்டியின் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால், கைவிரல் மூன்று நுழைய வேண்டிய வழியில் ஒன்று நுழைவதே கஷ்டமாக இருக்கும்.

இந்தக் கரிப்பசையில்தான் மடல்கள் மாட்டிக்கொள்கின்றன. மோட்டார் திருப்பப் பார்க்கும், மடல் அசையாது, இடையில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு தேயும் அல்லது உடையும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 2.0 லிட்டர் டிடிஐ இன்ஜின்களில் பி2015 என்ற பிழைக் குறி உலகம் முழுக்கப் பிரபலம். மடலின் நிலை நம்பும்படி இல்லை என்று கணினி சொல்லும் புகார் அது. பிஎம்டபிள்யூவின் பழைய நான்கு, ஆறு சிலிண்டர் டீசல்களில் நிலைமை இன்னும் மோசம். மடலோ அதன் திருகோ கழன்று சிலிண்டருக்குள்ளேயே விழுந்து, இன்ஜினையே பாழாக்கிய சம்பவங்கள் உண்டு. பிறகு வந்த இன்ஜின்களில் அமைப்பை மாற்றினார்கள். பழைய பிஎம்டபிள்யூ டீசல் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பெட்ரோலில் இவ்வளவு கரி சேராது. அங்கே தொல்லை வேறு. பல வண்டிகளில் மடலை இழுப்பது வேக்குவம், அதாவது இன்ஜினின் உறிஞ்சு விசை. அதைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெயிலிலும் சூட்டிலும் வெடித்துவிட்டால் மடல் மூடாது. காற்று எப்போதும் குறுக்கு வழியிலேயே போகும். நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது. மலையில் 2,000 சுற்றில் ஏறும்போதுதான் காலடியில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். இதற்காக க்ளட்ச் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

ஆகவே, செலவுக்கு முன் சோதனை. முதல் வேலை ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது. பி2004 என்றால் மடல் திறந்தபடி சிக்கியிருக்கிறது, பி2006 என்றால் மூடியபடி. அடுத்து, கண்ணால் பார்ப்பது. மேனிஃபோல்டின் ஓரத்தில் ஒரு மூடியோடு ஒரு கம்பி தெரியும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் அந்தக் கம்பி அசைகிறதா என்று பார்க்கலாம். சில வண்டிகளில் நின்ற இடத்தில் அசையாது, ஓட்டத்தில்தான் அசையும். அப்போது கையால் இயக்கும் வேக்குவம் பம்பைக் குழாயில் மாட்டி இழுத்தால் கம்பி நகர வேண்டும், நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் ஓட்டை. மோட்டார் வகை என்றால் ஸ்கேனர் வழியாகவே மடலை ஆட்டிப் பார்க்கலாம். இத்தனையும் அரை மணி நேர வேலை.

சரி, சுத்தம் செய்வது?

ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். கரும்பு வண்டிகள் ஓடும் மண் பாதை, அறுவடை முடிந்து தோகை எரிக்கும் சாம்பல், ஆலைக்கு டிராக்டர்கள் வரிசையில் போகும்போது எழும் புழுதி, இவற்றுக்கு நடுவே ஓடும் வண்டிக்குக் கம்பெனிக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் பொருந்தாது. அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கமிருந்து அடிக்காதீர்கள், தூசி காகிதத்துக்குள் போய் அமர்ந்துவிடும். அழுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் புதிது போடுவதே லாபம்.

அடுத்தது த்ராட்டில் பாடி. அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைத்தால் போதும். எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் நெம்பக் கூடாது, உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக். சாவி அணைந்திருக்க வேண்டும். காற்றின் அளவைச் சொல்லும் எம்ஏஎஃப் சென்ஸாருக்கு அதற்குரிய ஸ்ப்ரே மட்டும். துணி வேண்டாம், விரல் வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று வழியில் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில், லேசான அழுக்குக்கு, அளவோடு அடித்தால் பயன் உண்டு. டீசலில் இது ஆபத்து. டீசல் இன்ஜினில் தீப்பொறி தேவையில்லை. எரியக்கூடிய எது உள்ளே போனாலும் அது எரிபொருள்தான். சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் இன்ஜின் வேகம் பிடித்து ஏறிக்கொண்டே போகும் நிலை வரலாம். இறுகிய கரித் துண்டு பெயர்ந்து வால்வில் மாட்டினாலும் கஷ்டம்.

"ஹைட்ரஜன் விட்டு கார்பன் எடுக்கிறோம்" என்ற விளம்பரங்களும் வருகின்றன. அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள்ளே. மேனிஃபோல்டு இருப்பதோ வால்வுக்கு வெளியே, தீயே எட்டாத இடம். அங்கே இருக்கும் கட்டியான பசை இதனால் போகும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. டேங்கில் ஊற்றும் பாட்டில்களுக்கும் இதே கேள்வி: நேரடியாகச் சிலிண்டரில் பீய்ச்சும் இன்ஜினில், எரிபொருள் மேனிஃபோல்டைத் தொடுவதே இல்லையே, எப்படிக் கழுவும்?

கட்டிப்போன டீசல் மேனிஃபோல்டுக்கு ஒரே வழி, கழற்றுவது. சின்ன வேலை இல்லை. சில வண்டிகளில் அரை நாள், சிலவற்றில் ஒரு நாள் முழுக்க. கூட நின்று சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டை எடுத்ததும் இன்ஜினில் திறந்திருக்கும் வாசல்களில் சுத்தமான துணி அடைக்க வேண்டும். எத்தனை துணி என்று எண்ணி எழுதிவையுங்கள். மூடும்போது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடா தொட்டியில் போட விடாதீர்கள். அது கரியை மட்டும் கரைக்காது, அலுமினியத்தையும் அரிக்கும். மண்ணெண்ணெயிலோ டீகிரீஸரிலோ ஒரு இரவு ஊறவைத்து, மரக்குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் சுரண்டுவதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கு நெருப்பு காட்டவே கூடாது. அதற்கேற்ற டீகிரீஸரும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் போதும். மோட்டாரையும் சென்ஸாரையும் முதலில் தனியாகக் கழற்றிவிட வேண்டும், அவை நனையக் கூடாது.

சுத்தமானதும் ஒவ்வொரு மடலையும் கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் திரும்ப வேண்டும். அதே நேரம் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடக் கூடாது. ஆட்டம் இருந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் அது சரியாகாது. அப்போது இணைப்பை மட்டும் மாற்ற ரிப்பேர் கிட் கிடைக்கிறதா என்று விசாரித்து, கிடைக்காவிட்டால் மேனிஃபோல்டையே மாற்றுவதுதான் வழி. மடலை அப்படியே பிடுங்கி எறிந்துவிட்டு, ஈஜிஆருக்குத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். செலவு குறைவுதான். ஆனால் புகை கூடும், எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் கணினி அதை விடவே விடாது.

பூட்டும்போது கேஸ்கெட் புதிது. பழையதற்கு மேல் பேஸ்ட் தடவி ஒட்டினால் காற்று கசியும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அதிகம் முடுக்கினால் விரிசல். கடைசியாக ஸ்கேனரில் மடலின் நிலையையும் ஐடிலையும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் அடுத்த நாளே விளக்கு எரியும், வேலையே சரியில்லை என்று சண்டை வரும்.

மறுபடி அழுக்கு சேராமலே இருக்காது. தள்ளிப்போட முடியும். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள், மிகுதி ஆவியாகி மேனிஃபோல்டுக்குத்தான் வரும். கையேடு சொல்லும் ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். பாலுக்கும் பள்ளிக்கும் மட்டுமே இரண்டு கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் சூடாவதற்குள் அணைக்கப்படும் டீசல் கார்தான் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது உளுந்தூர்ப்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம், ஒரு கியர் குறைத்து, சட்ட வேகத்துக்குள் ஓட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறும்.

சுத்தம் செய்த பிறகு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. வேலைக்கு முன் வெள்ளிமலை ஏற்றத்தில் ஒரு வளைவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த கியர், எத்தனை பேர், ஏசி ஓடியதா, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் அதே ஆட்களோடு, அதே கியரில், அதே வளைவு. பாட்டியையும் மறக்காமல் பின் சீட்டில் உட்கார வையுங்கள்.